யார் மந்தம்?

கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும், என் மனைவி காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். "பியூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற நீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் படிப்பு கல்லூரி வாசலைத் தாண்டி இரண்டு படி ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை. இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. காரணம் கம்ப்யூட்டர்கூட அல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் கையாலேயே நான் எழுதிய ஒரு சொல்.

2018-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு தொடர்கதைக்காகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போய்த் தங்கினேன். பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறிச் சுமார் இருபது கிலோமீட்டர் போனால் ஏரி. ஒரிஸாவின் சிலிகா ஏரியை விட்டால் நம் நாட்டில் இதைப்போல் பெரிய உப்பங்கழி வேறு கிடையாது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று அவர்களுடைய கல்லறைகள்தாம் கோட்டையைவிட நன்றாக இருக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ஒரு பக்கம் பூநாரை, இன்னொரு பக்கம் ராக்கெட். நடுவே தண்ணீரில் வலையோடு மனிதர்கள்.

ஒரு குப்பத்தில், வயதான மீனவர் ஒருவர் வீட்டுத் திண்ணை அறை எனக்குக் கிடைத்தது. அந்த ஊரில் பொதுக்கட்டடம் ஒன்றில் சாயங்காலங்களில் குழந்தைகளுக்கு வகுப்பு நடந்தது. நடத்தியவள் அந்த ஊரிலேயே பிறந்து, பொன்னேரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பெண். "ஸார், தமிழ் வாசிக்கிறதை மட்டும் நீங்க கவனிச்சு, நோட்டுல ரெண்டு வரி குறிச்சுக் கொடுத்தாப் போதும்" என்று கேட்டாள். கதைக்குச் சரக்குக் கிடைக்குமே என்ற பேராசையில் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டவன் சும்மா இருக்கவில்லை. சென்னையிலுள்ள என் அக்கா மகனுக்குப் போன் செய்து, குழந்தைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் பார்சல் வந்தது. திறந்து பார்த்தால், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை! மூடி இல்லை, விசை இல்லை, திரை இல்லை. பெயர் ராஸ்ப்பெரி பை. பெயரில் பழமும் இருக்கிறது, பையும் இருக்கிறது. பொருளில் இரண்டும் இல்லை.

"ஏண்டா, இதுவா கம்ப்யூட்டர்?"

"அதேதான் மாமா. பழைய டி.வி.யிலே மாட்டுங்க. லினக்ஸ் போட்டிருக்கேன். ஹார்டு டிஸ்க்கிலே பாடமெல்லாம் இருக்கு, தமிழ் விக்கிப்பீடியாவும் இருக்கு. இன்டர்நெட் வேண்டாம்."

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகள் வரவரக் குறைகிறார்களே, வருகிறவர்களுக்கும் யந்திரத்தின் உள்விஷயம் தெரியவில்லையே என்று கவலைப்பட்ட எபன் அப்டன் முதலிய சிலர், ஏழைப் பிள்ளைகளும் வாங்கும்படியாகச் செய்த பலகை அது. 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். லினக்ஸும் அதற்கு ஏற்ற ஜோடிதான். லைனஸ் டார்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-இல் தொடங்கி, உலகத்துக்கே சும்மா கொடுத்தது. எங்களுக்கு வந்த பலகை 2018-இல் வெளிவந்த மாதிரி. அதன் சிப்பு விநாடிக்கு 140 கோடித் துடிப்புத் துடிக்கும் என்றான் மருமகன். என் இதயம் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. ஆகையால் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் பந்தயக் குதிரைபோல் ஓடிற்று. வந்த வரிசையில் ஒவ்வொரு குழந்தையும் அதன் முன்னால் உட்கார்ந்து பாடத்தை முடித்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இடி இடித்ததில் மருமகன் அனுப்பிய மின்சார அடாப்டர் உயிரை விட்டது. அது கிடக்கட்டும் என்று நானே பொன்னேரிக்கடைத் தெருவுக்குப் போனேன். செல்போன் சார்ஜர் ஒன்று, மூன்று மீட்டர் நீளத்தில் ஒரு வயர். பிளக்கு கதவருகே, மேஜை ஜன்னலருகே. நீள வயர் இருந்தால் மேஜையை நகர்த்த வேண்டாமல்லவா? "அஞ்சு வோல்ட்டுதானே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அஞ்சுதான் ஸார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானூறு ரூபாய் ஆகும் என்று மருமகன் சொல்லியிருந்ததை இருநூறில் முடித்துவிட்ட பெருமையோடு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம்தான் யந்திரம் தயங்க ஆரம்பித்தது. சாயங்காலம் முழுவதும் அல்ல. வகுப்பு முடிகிற வேளையில்தான் மோசம். கடைசியாக உட்காருகிறவள் எப்போதும் ஒரே சிறுமி. ஊருக்கு வெளியே, மேட்டில் இருக்கிற இருளர் குடிசைகளிலிருந்து வருகிறவள். அவளுடைய தாய் வலை இல்லாமல் இறால் பிடிக்கிறவள். கழுத்தளவு தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். அம்மா கரையேறிய பிறகு தம்பியை ஒப்படைத்துவிட்டு மகள் ஓடிவருவாள். ஆகையால் அவளுக்குக் கடைசி முறை.

மற்றவர்கள் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கிற பாடத்துக்கு அவளுக்கு முக்கால் மணி ஆயிற்று. பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

யந்திரத்தையும் நான் சோதிக்காமல் இல்லை. ஒரு நாள் காலையில் மருமகன் போனில் சொல்லச் சொல்லக் கட்டளைகளைத் தட்டினேன். வேகம் 60 கோடி என்று வந்தது. "ஏமாற்றிவிட்டானடா! 140 என்றாயே?" என்று கத்தினேன்.

"சும்மா இருக்கும்போது அது இளைப்பாறும் மாமா. வேலை கொடுத்துப் பாருங்க."

வேலை கொடுத்தேன். 140 கோடிக்கு எழும்பிற்று. சூடு அதிகமோ என்று பார்த்தோம். அறுபது டிகிரி தாண்டினால் இந்த மாதிரி தானே 120 கோடிக்கு இறங்கும், எண்பதை எட்டினால் இன்னும் இறங்கும் என்றான். ஐம்பத்தைந்துதான் இருந்தது. மெமரி கார்டை மாற்றினோம், பயனில்லை. ஆகக்கூடி, யந்திரத்தின்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று.

யந்திரத்தின்மேல் இல்லையென்றால் யார்மேல்? அன்று மாலை அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே நோட்டில் எழுதினேன்: "மந்தம்."

நாலு எழுத்துத்தான். எழுதும்போது கை நடுங்கவில்லை.

நவம்பர் 14 வந்தது. குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்து முடிப்பதற்குள் கரையில் கூச்சல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்று சரியாக மாலை 5 மணி 8 நிமிஷத்துக்கு ஜி.எஸ்.எல்.வி. மார்க் மூன்று ராக்கெட், ஜிஸாட்-29 என்ற செயற்கைக் கோளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. கோளின் எடை மட்டும் மூன்றரை டன்னை நெருங்கும். வகுப்பு காலி! நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் ஒருத்தி மட்டும் திரைமுன் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலையா, அம்மா?"

"எல்லாரும் பூட்டாங்களே ஸார். இன்னிக்கு மொதல்ல நான் செய்யலாம்னு..."

வானத்தில் நெருப்பு ஏறுவதைப் பார்ப்பதைவிட, வரிசையில் ஒரு நாளாவது முதலில் நிற்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. நான் அவள் பின்னால் வந்து நின்றேன். அறை அமைதியாக இருக்கிறதே என்று டீச்சரம்மாள், வீட்டுப்பாடங்களை எட்டு டேப்லட்டுகளுக்கும் அனுப்புகிற வேலையை அப்போதே தொடங்கிவிட்டாள். வழக்கமாக அது வகுப்பின் கடைசியில் நடக்கிற வேலை. திரை உறைந்தது. தூரத்தில் இடி உருளுவதுபோல் ஒரு சத்தம் வந்து ஓய்ந்தது. திரை அப்படியே நின்றது.

"தோ ஸார், மின்னல் வந்திச்சு" என்றாள்.

"ராக்கெட்டையா சொல்கிறாய்?"

"இல்ல ஸார். டி.வி. மூலையில. மஞ்சளா சின்னதா ஒண்ணு வரும். அது வந்தாத்தான் நின்னுபோவும். அது போனா ஓடும். தினத்திக்கும் அப்படித்தான்."

குனிந்து பார்த்தேன். மேல் மூலையில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு மஞ்சள் மின்னல். வந்தது, மறைந்தது. திரை நகர்ந்தது. மறுபடி வந்தது, நின்றது.

"ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை?"

"எனக்கு மட்டுந்தான் வருதுன்னு நெனச்சேன் ஸார்."

அன்று ராத்திரி மருமகனுக்குப் போன் செய்தேன். "மின்னலா! யார் மாமா பார்த்தது?" என்று துள்ளினான். "உடனே ஹார்டு டிஸ்க்கை மாட்டி, அதே வேலையைக் கொடுத்து, ஒரு கேள்வி கேளுங்க." அவன் எழுத்து எழுத்தாகச் சொன்ன கட்டளையின் பின்பாதி, 'கெட் த்ராட்டில்டு.' த்ராட்டில் என்றால் இங்கிலீஷில் குரல்வளையை நெரிப்பது. எஞ்சினுக்குப் போகிற தீனியைத் திருகிக் குறைப்பதற்கும் அதே சொல். ஆக, நான் அந்த யந்திரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி: உன் கழுத்தை யாராவது நெரிக்கிறார்களா?

பதில் வந்தது. பூஜ்யம், எக்ஸ், ஐந்து, மூன்று பூஜ்யங்கள், மறுபடி ஐந்து.

"கடைசி ஐந்துக்கு அர்த்தம், இந்த நிமிஷம் எனக்குப் போதுமான மின்சாரம் வரலை, அதனாலே வேகத்தைக் குறைச்சிருக்கேன். முதல் ஐந்துக்கு அர்த்தம், முன்னாடியும் இப்படி நடந்திருக்கு. மின் அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனா அது மின்னலைக் காட்டும்; துடிப்பை 60 கோடிக்கு இறக்கிக்கும். இல்லாட்டி மயக்கம் போட்டு விழுந்துடும் மாமா. ஆமாம், என்ன வயர் போட்டிருக்கீங்க?"

நான் பதில் சொல்லவில்லை.

கணக்கு ஸ்கூல் பையன் கணக்குத்தான். வயர் நீளமாக நீளமாக, மெல்லிசாக மெல்லிசாக, மின்சாரத்தைத் தடுக்கும். கால் ஓம் தடை உள்ள வயரில் இரண்டு ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டு வழியிலேயே தொலையும். கடைக்காரர் கொடுத்தது ஐந்து. பலகைக்குப் போய்ச் சேர்ந்தது நாலரை. நான் காலையில் சோதித்தபோது ஏன் பிடிபடவில்லை? டீச்சரம்மாள் ஹார்டு டிஸ்க்கை ராத்திரி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். டிஸ்க் இல்லாமல் பலகைக்குப் பசி குறைவு. கிடைத்த தீனி போதும். டிஸ்க்கோ பலகையின் யு.எஸ்.பி. துளை வழியாகத்தான் தன் மின்சாரத்தையும் உறிஞ்சும். எட்டு டேப்லட்டுகளுக்குப் பாடம் வாரிக் கொடுக்கிற வேளையில் டிஸ்க்கும் சிப்பும் ஒன்றாக உழைக்க, மெல்லிய கம்பி தாங்கவில்லை. சோதனை செய்த நேரத்தில் நோய் இல்லை. நோய் வந்த நேரத்தில் நான் சோதிக்கவில்லை. அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவள் மேல் பழியைப் போட்டேன்.

காலையில் திண்ணையில் பெரியவரிடம் இதைச் சொன்னேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "போட்டு எஞ்சின் இழுக்கலன்னா, மொதல்ல டீசல் வர்ற குழாயத்தான் ஸார் பார்ப்போம். அடைப்பு அதுல இருக்கும். எஞ்சின இன்னாத்துக்குப் பிரிக்கறது?" என்றார். ஊரே அறிந்த வைத்தியம். எனக்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அந்த வாரமே மருமகன் சொன்ன சரியான அடாப்டர் வந்தது; 5.1 வோல்ட்டு, இரண்டரை ஆம்பியர், தடித்த குட்டை வயர். மேஜையைப் பிளக்கருகே நகர்த்தினோம். நகர்த்த இரண்டு நிமிஷம் பிடித்தது. டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் ஊட்டுகிற யு.எஸ்.பி. பெட்டி ஒன்றும் வைத்தோம். மின்னல் மறைந்தது. வேலையின் நடுவிலும் 140 கோடி. டிஸ்க்கிலிருந்து விநாடிக்கு எட்டு, ஒன்பது மெகாபைட் என்று சொட்டிக்கொண்டிருந்தது, முப்பதுக்கு மேல் பாய்ந்தது.

ஆனாலும் டேப்லட்டுகளுக்கு அனுப்புகிற வேளையில் கொஞ்சம் தயக்கம் இருக்கவே இருந்தது. "அதை மாத்த முடியாது மாமா" என்றான் மருமகன். "பலகையிலே யு.எஸ்.பி. துளை நாலு, நெட்வொர்க் துளை ஒண்ணு. அஞ்சும் உள்ளே ஒரே பாதையிலேதான் சிப்புக்குப் போகணும். டிஸ்க்கிலேருந்து உள்ளே வர்றதும் அதே வழி. டேப்லட்டுக்கு வெளியே போறதும் அதே வழி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏரியைச் சுற்றி எத்தனையோ குப்பங்கள். பழவேற்காட்டில் படகெல்லாம் கடலுக்குப் போவதும் வருவதும் ஒரே முகத்துவாரம். மணல் மேடிட்டு அது குறுகினால் படகும் நிற்கும், கடல்நீரோடு உள்ளே வருகிற இறாலும் நிற்கும். துளை நாலானால் என்ன, நாற்பதானால் என்ன? முகத்துவாரம் ஒன்றுதான்.

ஒரே வழியைப் பலர் பங்கு போடுகிற வித்தையும் அந்த ஊரில்தான் இருந்தது. அதற்குப் பாடு என்று பெயர். வலை போடத் தோதான இடங்கள் ஏரியில் கொஞ்சம், வலைக்காரர் அதிகம். ஆகையால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். சண்டை இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு. டீச்சரம்மாள் வகுப்புக்கும் பாடு வைத்தாள். டேப்லட்டுக்குப் பாடம் அனுப்புவது வகுப்பு முடிந்த பிறகு. கம்ப்யூட்டர் முன் உட்காருவது, வந்த வரிசைப்படி அல்ல, சீட்டுப்படி. தாமதமாக வந்தாலும் சீட்டு செல்லும்.

சீட்டு எழுதுவதை வாசலில் நின்று பார்த்த பெரியவர், "மேட்டுப் பொண்ணுக்கும் சீட்டு உண்டா?" என்று கேட்டார். ஏரியின் பாடு எல்லா ஊருக்கும் எல்லாச் சாதிக்கும் கிடையாது. வலையில்லாதவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

"உண்டு, தாத்தா" என்றாள் டீச்சரம்மாள்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் அவளுக்கு இரண்டாம் சீட்டு வந்தது. பாடத்தைப் பதினொரு நிமிஷத்தில் முடித்தாள். நோட்டில் நான் எழுதியதை அடித்தேன். அடித்தாலும் தெரிந்தது, இன்னும் அழுத்தி அடித்தேன். கடைசியில் அந்தத் தாளையே கிழித்துவிட்டு, மற்றப் பெயர்களை எல்லாம் புதுத்தாளில் எழுதினேன். அவளிடம் போய், "தப்பு என்னுடையதம்மா, நான் வாங்கிய வயர்" என்று சொன்னேன். "பரவால்ல ஸார்" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியவே தெரியாது. தெரியாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெறுவது சுலபம்தான்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். பொங்கல் கழிந்து பத்து நாளில், ஒரு சாயங்காலம் சீட்டை எடுத்தபோது அவள் பெயர் வந்தது, ஆள் இல்லை. அந்தக் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த ஜில்லாவில் இது ஒன்றும் புதுமை அல்ல. கணக்கில் பிள்ளைகளும் சேர்ந்துதான் போகிறார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே கட்டம் கட்டமாக விடுபட்டிருக்கும். திரும்பி வந்ததும் அங்கே யாராவது அவளைப் பற்றி நோட்டில் ஒரு சொல் எழுதக்கூடும். அவர்களும் என்னைப்போல் நல்லவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் திரையில் மின்னல் தெரியாது.

அப்புறம் பலகைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. 2019 ஜூனில் வந்த நான்காம் மாதிரியில் நெட்வொர்க்குக்குத் தனிப்பாதை போட்டுவிட்டார்கள், முகத்துவாரம் இரண்டாயிற்று. நீலத் துளையில் டிஸ்க்கைச் சொருகினால் பழைய வேகத்தைப்போல் பல மடங்கு. 2023-இல் வந்த ஐந்தாம் மாதிரி 240 கோடித் துடிப்பு. ஆனால் ஐந்து வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் கேட்கிறது. கொடுக்காவிட்டால், யு.எஸ்.பி. துளைகளுக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று தானே அளந்து கட்டுப்படுத்திவிடுகிறது. எவ்வளவு பெரிய மூளையானாலும், முதலில் விசாரிப்பது சோறு வருகிற வழியை.

2019 ஆடியில், தொடர்கதை முடிந்து, டீச்சரம்மாளிடம் விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தேன். சூளை வேலை முடிந்து மேட்டுக்குடிசைகளில் புகை தெரிந்தது. வகுப்பு பாதி நடக்கையில் அவள் வந்தாள். கறுத்திருந்தாள், உள்ளங்கை காய்த்திருந்தது. அவளுடைய சீட்டை டீச்சரம்மாள் எடுத்து வைத்திருந்தாள்.

நாற்காலியில் உடனே உட்காரவில்லை. திரையின் மேல் மூலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மின்னல் இல்ல ஸார்" என்றாள்.